ஓப்பன் சோர்ஸ் மென்பொருளைத் தமிழாக்கும்போது எந்தச் சரங்களை முதலில் எடுப்பது?

ஆயிரக்கணக்கில் சரங்கள் (மென்பொருள் திரையில் காட்டும் சொற்களும் வாக்கியங்களும்), ஆள் மூன்று பேர், அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நேரம், எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் காரைக்குடிக்காரர்கள் என்பதால் நம்ம பக்கத்து உதாரணத்தோடே சொல்கிறேன்.

கோப்பின் தலையிலிருந்து வரிசையாகப் போகாதீர்கள். ஆங்கில மூலமும் தமிழாக்கமும் ஜோடி ஜோடியாக இருக்கும் பி.ஓ. (PO) கோப்பில் சரங்கள் பெரும்பாலும் மூலநிரல் கோப்புகளின் வரிசைப்படி அடுக்கப்பட்டிருக்கும். முக்கியத்துவத்துக்கும் அந்த வரிசைக்கும் சம்பந்தமில்லை. சில மென்பொருள்களில் 'இந்த மென்பொருளைப் பற்றி' பெட்டியின் சரங்கள்தான் முதலில் வந்து நிற்கும். அதை யார் திறந்து பார்க்கிறார்கள்?

மெனுவிலிருந்து தொடங்கு என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கும் என் சித்தப்பா லிப்ரெஓபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளின் கணக்குத்தாளான கால்க்கில்தான் சதுர அடிக் கணக்கும் பில்லும் போடுகிறார், ஆங்கில இடைமுகத்திலேயே. மெனு அவருக்குத் தடையே இல்லை. எது எங்கே இருக்கிறது என்று கை பழகிவிட்டது. மென்பொருள் திருப்பிக் கேள்வி கேட்டால்தான் திகைத்து நிற்பார். எக்ஸெல் வடிவில் வந்த ஆர்டரைத் திருத்திச் சேமித்தால், இதே வடிவில் வைக்கவா, லிப்ரெஓபிஸின் சொந்த வடிவான ஓ.டி.எஃப்.புக்கு மாற்றவா என்று ஒரு பெட்டி வரும். மூடப் போனால், சேமிக்கவா வேண்டாமா என்று இன்னொன்று. "என்னமோ கேக்குதுடா, வந்து பாரு" என்று உடனே போன். தப்பான பொத்தானை அழுத்தினால் அன்றைய கணக்கே போய்விடும் என்ற பயம். பயத்தில் நியாயம் இருக்கிறது.

அதனால் என் வரிசை இது: எதையாவது இழக்க வைக்கக்கூடிய கேள்விகள் முதலில். அடுத்தது, பயன்படுத்துபவரே சரிசெய்யக்கூடிய பிழைச் செய்திகள்: கடவுச்சொல் தவறு, வட்டில் இடமில்லை, பிரிண்டர் கிடைக்கவில்லை. அப்புறம் தினமும் கண்ணில் படும் முதல் திரை, அதற்குப் பிறகு மெனு. அமைப்புகள் பக்கம் காத்திருக்கட்டும்.

கேள்விகளைக் கண்டுபிடிப்பது எளிது. பி.ஓ. கோப்பைத் திருத்த உதவும் போஎடிட் (Poedit) மென்பொருளில் கேள்விக்குறியைப் போட்டுத் தேடுங்கள். பாதி வேலை முடிந்தது. 'டெலீட்', 'ஓவர்ரைட்', 'ஃபெயில்ட்' போன்ற சொற்களின் ஆங்கில மூலத்தையும் தேடலாம். சரத்துக்கு மேலே உள்ள குறிப்பு வரி அது எந்த நிரல் கோப்பிலிருந்து வந்தது என்று காட்டும். அதை வைத்து அந்தத் திரையின் மற்ற சரங்களையும் அள்ளிவிடலாம்.

சில திட்டங்கள் இந்த வேலையை ஏற்கெனவே செய்து வைத்திருக்கின்றன. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவும் மென்பொருளின் சரங்கள் எத்தனை பேர் கண்ணில் படும் என்பதைப் பொறுத்து 5 துணை நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கிக்கு, டிரான்ஸ்லேட்விக்கி என்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் 'அதிகம் பயன்படும் செய்திகள்' என்று தனிக் குழுவே உண்டு. இப்படி இருந்தால் பேசாமல் அதையே பின்பற்றுங்கள்.

புதிய சரத்தைத் தொடும் முன் 'ஃபஸி' (fuzzy), அதாவது மறுபடி சரிபார்க்க வேண்டியவை, என்று குறிக்கப்பட்டவற்றைப் பாருங்கள். மூல ஆங்கிலத்தில் ஒரு காற்புள்ளி மாறினாலும் பழைய தமிழாக்கம் ஃபஸி ஆகிவிடலாம். பி.ஓ. கோப்பை மென்பொருள் படிக்கும் வடிவுக்குத் தொகுக்கும் கெட்டெக்ஸ்ட் (gettext) என்ற கருவி வழக்கமான முறையில் அதைச் சேர்க்காது, திரையில் ஆங்கிலமே வரும். எழுதி வைத்த தமிழ் கோப்புக்குள்ளேயே தூங்கும். குறைந்த உழைப்பில் அதிகப் பலன் இதில்தான்.

ஒரு விதிவிலக்கு. இணையதளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸின் செருகுநிரல்களுக்கு (கூடுதல் வசதி தரும் பிளகின்கள்) 90 சதவீதம் முடிந்தால்தான், பயனர்களுக்குப் போய்ச்சேரும் மொழித்தொகுப்பு உருவாகும். 200 சரம் உள்ள செருகுநிரலில் மிக முக்கியமான 150-ஐ முடித்தாலும் வெளியே ஒன்றும் வராது. அங்கே முன்னுரிமை பார்க்காமல், மூன்று பேரும் பங்கு போட்டு முடித்துவிடுங்கள். லினக்ஸின் திரைச்சூழலான க்னோமிலும் (GNOME) ஒரு மொழியை 'ஆதரிக்கப்படும் மொழி' என்று கணக்கில் எடுக்க 80 சதவீதம் வேண்டும். ஆனால் முடித்த வரைக்கும் திரையில் தமிழ் வரும் என்பதால் அதை நினைத்துப் பதற வேண்டாம்.

மென்பொருள் தன் செயல்பாட்டைப் பதிந்து வைக்கும் லாக் செய்திகளையும், பிழை தேடுவதற்கான டீபக் வரிகளையும் ஆங்கிலத்திலேயே விட்டுவிடுவேன். பிழை வந்தால் அந்த வரியை அப்படியே இணையத்தில் போட்டுத் தேடினால்தான் தீர்வு கிடைக்கும். லிப்ரெஓபிஸ் எடுப்பதாக இருந்தால் அதன் உதவிப் பக்கங்கள் இருக்கும் திசையில் தலைவைத்தும் படுக்காதீர்கள். இடைமுகத்தைவிட அது மிகப் பெரியது, மூன்று பேரின் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு அடங்காது.