கடலடிச் சேற்றில் பனியின் தடம்

கேள்வி: கடலடிச் சேற்றை வைத்துப் பழைய பனிப்படலம் வளர்ந்ததையும் தேய்ந்ததையும் எப்படிச் சொல்கிறார்கள்?
– வாசகர், பென்னாகரம்

பதில்: ஒகேனக்கல் தாண்டி காவிரி வேகம் தணியும் இடத்தைப் பாருங்கள். கூழாங்கல் முதலில் தங்கும், மணல் அப்புறம், வண்டல் கடைசியில். தண்ணீர் தரம் பிரித்துத்தான் போடும். பனிக்கு அந்தப் பழக்கமே கிடையாது. மிதக்கும் பனிப்பாறை உருகினால், நிலத்திலிருந்து அள்ளி வந்த கல், மணல், கல்மாவு எல்லாம் ஒரே கொட்டு! நடுக்கடல் மென்சேற்றில் கூர்முனைக் கல் கிடந்தால் பெரும்பாலும் அதன் வேலைதான்.

குழாய் இறக்கி எடுத்த சேற்றுத்தூணை நீளவாக்கில் பிளந்து, சென்டிமீட்டர் கணக்கில் துண்டு போட்டு, 63 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சல்லடையில் அலசுவார்கள். 150 மைக்ரானுக்கு மேற்பட்ட கல்மணிகளை மைக்ராஸ்கோப்பில் எண்ணுவார்கள். 1988-ல் ஜெர்மன் கடல் புவியியலாளர் ஹார்ட்மட் ஹைன்ரிச் வட அட்லாண்டிக்கில் விவரித்த கல் அடுக்குகள் இப்படித் தெரிந்தவையே.

கல் கூடினால் பனி வளர்ந்தது என்று முடிவு கட்டாதீர்கள்; உடைந்து சரியும்போதும் கூடும். பனியின் அளவுக்கு ஃபோராமினிஃபெரா என்ற ஒருசெல் கடலுயிரின் ஓடுதான் சாட்சி. ஆக்சிஜன் அணுவில் எடை வேறுபட்ட வகைகள் உண்டு; இலேசான ஆக்சிஜன்-16 பனியில் சிக்கிக்கொள்ள, கடலிலும் ஓட்டிலும் கனமான ஆக்சிஜன்-18 விகிதம் ஏறும். கடல் குளிர்ந்தாலும் ஓட்டில் ஏறும் என்பதுதான் தொல்லை. ஓட்டின் மெக்னீசியம்–கால்சியம் விகிதத்திலிருந்து வெப்பநிலையைக் கணக்கிட்டு அந்தப் பங்கைக் கழிப்பார்கள். புழுக்கள் கிளறிய சேறானால் அடுக்குகளின் எல்லையே மங்கிவிடும்.