டவுன்சென்டின் பென்சில் முகங்கள்

அன்புள்ள ஐயா,

அமிஸ்டாட் கப்பலில் கிளர்ச்சி செய்து அமெரிக்காவில் பிடிபட்ட ஆப்பிரிக்கக் கைதிகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி நூலகத்தில் இருக்கும் வில்லியம் டவுன்சென்டின் பென்சில் ஓவியங்களை, அந்தக் கைதிகளை அவர் வரைந்தவற்றை, இணையத்தில் தேடிப் பார்த்தேன். ஏமாற்றம்தான். முகத்தில் மட்டும் கொஞ்சம் உழைப்பு தெரிகிறது, தோளுக்குக் கீழே நாலு கோடு. பெயர்களின் எழுத்தும் மற்ற ஆவணங்களோடு ஒத்துப்போகவில்லை. இவற்றுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தேர்ந்த கை இல்லைதான். அமெரிக்காவின் நியூஹேவன் ஊர்க்காரரான டவுன்சென்டுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. ஆனால் தோளோடு நின்றுவிட்டதை நான் குறையாகப் பார்க்கவில்லை. சட்டையில் என்ன இருக்கிறது, பிடிபட்ட பிறகு யாரோ கொடுத்த சட்டை.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். 1839இல் கியூபாவின் ஹவானாவில் இந்தக் கைதிகளை, மொத்தம் 53 பேரை, அடிமைகளாக விலைக்கு வாங்கிய ரூயிஸ், மோன்டெஸ் என்ற இரண்டு ஸ்பானியர்களும் ஆளாளுக்கு ஸ்பானியப் பெயர் போட்ட பத்திரங்களைக் கையில் வைத்திருந்தார்கள். கியூபா அப்போது ஸ்பெயினின் வசம். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதை ஸ்பெயின் ஏற்கெனவே தடைசெய்திருந்தது. அதனால் வாங்கப்பட்டவர்கள் கியூபாவிலேயே நெடுநாள் இருந்தவர்கள் என்று காட்டியாக வேண்டும். கப்பலில் கிளர்ச்சி செய்து, லாங் ஐலண்ட் அருகே பிடிபட்டு, நியூஹேவன் சிறைக்கு வந்து சேர்ந்த பிறகு, வழக்கே அந்தப் பத்திரம் மெய்யா பொய்யா என்பதில் வந்து நின்றது. 1841 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது பொய் என்று முடிவு செய்து, அதுவரை உயிரோடிருந்த கைதிகளை விடுவித்தது.

இதைத் தெரிந்துகொண்டு படங்களில் ஃபுலி, கிராபோ, மார்க்ரு என்ற அவர்களின் சொந்தப் பெயர்களைப் படிக்கும்போது எழுத்துப் பிசகு எனக்குப் பெரிதாகப் படவில்லை. காதில் விழுந்ததை ஒரு இளைஞன் ஆங்கில எழுத்தில் பிடிக்கப் பார்த்திருக்க வேண்டும். கைதிகள் பேசிய மெண்டே மொழி அந்த ஊரில் யாருக்குத் தெரியும்? யேல் பேராசிரியர் கிப்ஸ் கைதிகளிடம் எண்களைக் கற்றுக்கொண்டு, நியூயார்க் துறைமுகத்தில் அவற்றை உரக்கச் சொல்லிக்கொண்டே அலைந்துதான் ஜேம்ஸ் கோவி என்ற மொழிபெயர்ப்பாளரைக் கண்டுபிடித்தார். இத்தனைக்கும் ஊர் சனம் ஆயிரக்கணக்கில் சிறைக்குப் போய் இவர்களைப் பார்த்துவிட்டு வந்தது, ஆளுக்குச் சுமார் 12 சென்ட் கட்டணம் கொடுத்து!

ஒன்று செய்யுங்கள். 1840இல் ஜான் வார்னர் பார்பர் வெளியிட்ட நூலில் இதே ஆட்களின் பக்கவாட்டு நிழலுருவங்கள் இருக்கின்றன. தலையின் வடிவத்தைப் பார்த்துக் குணம் சொல்லும் மோகம் பரவியிருந்த காலம் அது. அந்த உருவங்களில் நெற்றி, மூக்கு, தாடையின் கோடு மட்டும்தான் மிச்சம், கண் இல்லை. அவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டவுன்சென்டின் ஃபுலியைப் பாருங்கள். அப்புறமும் ஏமாற்றமாகவே இருந்தால் எழுதுங்கள்.