அரம் பிடிக்கும் மகனின் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா. ஐடிஐயில் ஃபிட்டர் சேர்ந்த மகன் இரண்டு மாதமாக இரும்புத் துண்டை அரத்தால் தேய்த்து ராவிக்கொண்டே இருக்கிறான், மெஷின் பக்கமே விடவில்லை, நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போது நிறுத்தாதீர்கள்.

ஃபிட்டருக்குக் கை வருவது அந்த ராவும் வேலையில்தான். அரத்தை முன்னே தள்ளும்போதுதான் இரும்பு அறுபடும். பின்னால் இழுக்கும்போது அழுத்தக் கூடாது. தள்ளத் தொடங்கும்போது இடது கையில் இருக்கிற அழுத்தம், தள்ளி முடிக்கையில் வலது கைக்கு வந்திருக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் அரம் ஊஞ்சலாடி, துண்டின் நடுப்பகுதி மேடாகிவிடும். கேட்டால் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். தோளுக்கும் மணிக்கட்டுக்கும் அது படிய மாதக்கணக்காகும். பின்னால் வரும் 'டி' ஃபிட்டிங் என்ற பயிற்சியில், 'T' வடிவில் வெட்டிய இரண்டு துண்டுகள் 0.04 மில்லிமீட்டர் துல்லியத்தில் ஒன்றுக்குள் ஒன்று உட்கார வேண்டும். தலைமுடியின் தடிமன்கூட பெரும்பாலும் அதைவிட அதிகம்!

ஆனால் தப்பாக ராவிக்கொண்டே இருந்தால் தப்புதான் பழகும். எனக்குக் கவலை அங்கேதான். பத்து முறை தள்ளியதும் நிறுத்தி, மூலைமட்டத்தை ('எல்' வடிவ அளவுக் கருவி) துண்டின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறானா? வெளிச்சம் கசிகிற இடம் பள்ளம். மீதி இடத்தைத்தான் ராவ வேண்டும். வெர்னியர் என்ற நுட்பமான அளவுக் கருவியில் துண்டின் நான்கு மூலைகளிலும் தடிமனை அளந்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். உங்களுக்கு ஃபிட்டர் வேலை தெரிய வேண்டியதில்லை. அந்த நான்கு எண்களில் பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசம் வாரத்துக்கு வாரம் குறைகிறதா என்று பார்த்தால் போதும். குறையாவிட்டால் அவனைத் திட்டாமல், அந்த நோட்டோடு பயிற்றுநரைப் பார்க்கச் சொல்லுங்கள். நிற்கும் நிலையோ, துண்டை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் உயரமோ சரியில்லாமல் இருக்கலாம். வைஸ் அவன் முழங்கை மட்டத்துக்கு இருக்க வேண்டும்.

லீவு மட்டும் போடவிடாதீர்கள். 80 சதவீத வருகை இல்லையென்றால் தேர்வு எழுத முடியாது. அதைவிட, நாலு நாள் விட்டால் கை மறுபடி ஆடத் தொடங்கும்.

இரண்டு வருடம் முடித்தால் அப்ரண்டிஸ் சேரலாம், ரயில்வேயில் உதவி லோகோ பைலட் (ரயில் ஓட்டுநரின் உதவியாளர்) வேலைக்கு விண்ணப்பிக்கலாம், பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி உண்டு.

மூன்று மாத நோட்டோடு அவனையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். அப்போதும் வேண்டாம் என்றால், வேறு படிப்பைப் பற்றி அவனிடமே பேசுகிறேன்.