கல்லுக்குள் பாயும் மீனுக்கு எந்த லீடர் வாங்குவது?

கேள்வி: வணக்கம் அண்ணா. எண்ணூர் பக்கம் தூண்டில் வளைவுக் கற்கள் (கடலரிப்புத் தடுப்புக் கற்கள்) மேல் நின்று லூர் (செயற்கை இரை) போடுகிறேன். ரீலில் 20 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு), அதன் முனையில் லூருக்கு முன்னால் வரும் லீடர் துண்டாக 20 பவுண்டு ஃபுளோரோகார்பன் நரம்பு அரை மீட்டர் கட்டியிருக்கிறேன். இந்த மாதம் மட்டும் மூன்று மீன் லூரோடு அறுத்துக்கொண்டு போய்விட்டது. கடையில் கேட்டால் இன்னும் விலை கூடிய பிராண்டு வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. பிராண்டை மாற்றினால் இந்தப் பிரச்சினை தீராது. முதலில் அறுந்த முனையைப் பாருங்கள். லீடர் நரம்பு வெள்ளை பூத்து, சொரசொரப்பாக, பிய்ந்தது போல இருந்தால் கல்லோ சிப்பியோ அறுத்திருக்கிறது. பன்றி வால் மாதிரி சுருண்டிருந்தால் முடிச்சு உருவிக்கொண்டு போயிருக்கிறது, அதற்கு லீடரைக் குறை சொல்லிப் பயனில்லை. நீங்கள் நிற்கும் இடத்தைப் பார்த்தால் முதல் காரணம்தான் என்று தோன்றுகிறது.

நரம்பு சுற்றி விற்கும் ஸ்பூலின் அட்டையில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் பவுண்டு கணக்கு, நேராக இழுத்தால் எவ்வளவு தாங்கும் என்பதற்கானது. கல் நேராக இழுப்பதில்லை, பக்கவாட்டில் தேய்க்கிறது. கொடுவாவோ களவாவோ லூரைக் கவ்வியதும் தலையைத் திருப்பித் தன் பொந்துக்குள் பாயும், அந்த இரண்டு மூன்று விநாடியில் நரம்பு சிப்பி விளிம்பில் எத்தனை தடவை உரசினாலும் உள்ளே மீதி இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அந்த மீதியைக் கொடுப்பது தடிமன். அதனால் கல் பக்கம் மீன் பிடிக்கிறவர் பவுண்டுக்கு முன்னால் மில்லிமீட்டரைப் பார்க்க வேண்டும். அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும், கடையிலேயே திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

20 பவுண்டு ஃபுளோரோகார்பன் ஏறக்குறைய 0.40 மி.மீ. இருக்கும். 40 பவுண்டு 0.60 மி.மீ.க்குச் சற்று முன்பின். கேட்க அற்ப வித்தியாசம் மாதிரி இருக்கும், ஆனால் வெட்டுமுகப் பரப்பைக் கணக்கிட்டால் 0.60 என்பது 0.40-ஐப் போல இரண்டேகால் மடங்கு. தேய்ந்து போக அவ்வளவு சதை கூடுதலாக இருக்கிறது. "எங்கள் 40 பவுண்டு மற்றவர்களுடையதைவிட மெல்லியது" என்று விளம்பரம் செய்தால், தெளிந்த தண்ணீரில் கூச்சப்படும் மீனுக்கு அது நல்ல செய்தி. உங்களுக்கு இல்லை. ஒரே பவுண்டில் இரண்டு ஸ்பூல் இருந்தால் தடித்ததை எடுங்கள்.

உங்கள் 20 பவுண்டு பிரெய்டுக்கு 40 பவுண்டு லீடர் சரியாக வரும், பெரிய களவா இருக்கும் இடம் என்றால் 50, 60 கூடப் போகலாம், ஆனால் தடிமன் ஏற ஏற சின்ன லூரின் ஆட்டம் செத்துவிடும். அப்போது லூரை இறுக்கிக் கட்டாமல் வளைய முடிச்சு போடுங்கள், ஆட்டம் திரும்பி வரும்.

நீளமும் போதாது. பிரெய்டு பாலிஎதிலீன் இழைகளைப் பின்னியது, இழுவிசையில் ராஜா, ஆனால் இறுகி நிற்கும்போது கூரான விளிம்பு பட்டால் ஒவ்வொரு மெல்லிய இழையாகப் படபடவென்று போய்விடும். அரை மீட்டர் லீடர் என்றால் மீன் தன் உடம்பு நீளத்துக்குக் கல்லிடுக்கில் நுழைந்ததுமே பிரெய்டு கல்லில் படுகிறது. ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வையுங்கள். அப்போது பிரெய்டையும் லீடரையும் சேர்க்கும் முடிச்சு ராடு வளையங்களுக்குள் போய் வரவேண்டியிருக்கும், அதற்கு எஃப்ஜி முடிச்சு மெலிதாக இருக்கும், இடறாது. கற்றுக்கொள்ள ஒரு வாரம் ஆகும், வீட்டில் உட்கார்ந்து பழகுங்கள், கடற்கரைக் காற்றில் பழகாதீர்கள்.

அப்புறம் ஒரு பழக்கம். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும், கல்லில் மாட்டி மீட்ட ஒவ்வொரு தடவையும், லூரிலிருந்து ஒரு முழம் தூரத்துக்கு லீடரை விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். சொரசொரவென்று பட்டால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். வெட்டிய துண்டைக் கல்லிடுக்கில் போடாமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள், பறவை காலில் சுற்றிக்கொள்ளும்.

கேள்வி: ஃபுளோரோகார்பன்தான் வேண்டுமா? தங்கூசி போதாதா? விலை பல மடங்காக இருக்கிறதே.

பதில்: கலங்கல் தண்ணீரில் தடித்த நைலான் தங்கூசி தாராளமாகப் போதும். நான் முகத்துவாரத்தில் பல வருடம் அதைத்தான் கட்டினேன். ஃபுளோரோகார்பனின் பெரிய விளம்பரமே தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது என்பது. அதன் ஒளிவிலகல் எண் 1.42, தண்ணீருக்கு 1.33, நைலானுக்கு 1.53-க்கும் மேல். ஆக நைலானைவிடக் குறைவாகத் தெரியும் என்பது உண்மை, மறைந்தே போய்விடும் என்பது இல்லை. மழைக்குப் பிறகு டீ நிறத்தில் ஓடும் தண்ணீரில் அந்த வித்தியாசத்துக்குப் பணம் கொடுப்பது வீண். அது கடினமானது, தண்ணீர் உறிஞ்சாது, வெயிலில் எளிதில் கெடாது, இவைதான் கல் பக்கம் உண்மையிலேயே உதவும் குணங்கள். நைலான் தண்ணீர் உறிஞ்சிக் கொஞ்சம் பலம் இழக்கும், வெயிலில் சீக்கிரம் நலியும், அதனால் ஒரு படி தடிமன் கூட்டி வாங்கி அடிக்கடி மாற்றுங்கள். கடை வாசலில் வெயில் படத் தொங்கும் ஸ்பூலை வாங்காதீர்கள். மேல்மட்டத்தில் ஓடும் லூருக்கு நைலான்தான் நல்லது, ஃபுளோரோகார்பன் மூழ்கி லூரின் மூக்கைக் கீழே இழுக்கும்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய ஃபுளோரோகார்பன் அசல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: நானும் இதில் ஏமாந்திருக்கிறேன். பெரிய எழுத்தில் ஃபுளோரோகார்பன், பக்கத்தில் சின்ன எழுத்தில் 'கோட்டட்' என்று இருந்தது. அதாவது நைலான் மேல் பூச்சு. இரண்டாவது மீனிலேயே பூச்சு உரிந்துவிட்டது. '100 சதவீதம் ஃபுளோரோகார்பன்' என்று தெளிவாக எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள்.

வீட்டில் சோதிக்க, ஒரு சின்னத் துண்டு வெட்டி, உயரமான டம்ளர் தண்ணீரில் விரலால் அமுக்கி முழுக்க நனைத்து விடுங்கள். அசலின் அடர்த்தி 1.78, சரசரவென்று அடியில் போய் உட்காரும். நைலான் 1.14 தான், மெதுவாகத் தயங்கித் தயங்கி இறங்கும். பக்கத்தில் தெரிந்த நைலான் துண்டு ஒன்றையும் போட்டால் சந்தேகமே வராது. எரித்துப் பார்க்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள், ஃபுளோரின் கலந்த பொருள் எரிந்தால் வரும் புகை நுரையீரலுக்குக் கெடுதல்.

பொய்யான பொருள் என்று தெரிந்தால் விட்டுவிடாதீர்கள். அட்டையில் அதிகபட்ச விலை, எத்தனை மீட்டர், வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி எல்லாம் இருக்க வேண்டும், இது சட்டம். அட்டையைத் தூக்கிப் போடாமல் ரசீதோடு படம் எடுத்து வையுங்கள், விற்றவர் பணம் தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள்.

கேள்வி: வஞ்சிரமும் அதே இடத்தில் அடிக்கிறது. 60 பவுண்டு லீடரையும் கத்தரித்ததுபோல் வெட்டிவிட்டது.

பதில்: வஞ்சிரம், ஊழி இரண்டுக்கும் பல் கத்தி. எந்த நரம்பும் நிற்காது. லீடர் முனையில் ஒரு சாண் ஸ்டீல் கம்பி கட்டுங்கள். கொடுவா வரும் நேரத்தில் கழற்றிவிடுங்கள், அதற்குக் கம்பி தேவையே இல்லை. அதன் வாய் உப்புத்தாள் மாதிரி, செவுள் மூடியின் விளிம்பு கூர், இரண்டையும் தடித்த லீடரே தாங்கும். மீனைத் தூக்கும்போது உங்கள் விரல் அந்தச் செவுள் மூடியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.