சின்ன நாய் பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு ஓடினால் சுளுக்கு என்று விட்டுவிடலாமா?

கடலூரில் 3 வயது பொமரேனியன் வளர்க்கிறீர்கள். ஓடும்போது ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் நாலு எட்டு குதிக்கிறது, அப்புறம் காலை ஒரு உதறு உதறிவிட்டுச் சாதாரணமாக நடக்கிறது. எண்ணெய் போட்டு நீவலாமா, வலி மாத்திரை கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டுமே வேண்டாம். முக்கியமாக, வீட்டில் நமக்கு வாங்கி வைத்திருக்கும் மாத்திரையைத் தொடவே தொடாதீர்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் நாய்க்கு வயிற்றில் புண்ணையும் சிறுநீரகக் கோளாறையும் உண்டாக்கும். பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரல் போய்விடும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முட்டிச் சில்லு விலகுவது போலத்தான் இருக்கிறது. லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டுப் பொமரேனியனுக்கும் இதேதான். தொடை எலும்பின் கீழ்முனையில் ஒரு பள்ளம் உண்டு, சில்லு அதில்தான் மேலும் கீழும் ஓட வேண்டும். பொமரேனியன், சிவாவா மாதிரிச் சின்ன சாதிகளில் பல நாய்களுக்கு அந்தப் பள்ளம் ஆழமில்லாமல் இருக்கும். சில்லு உள்பக்கமாக வழுக்கியதும் காலை நீட்ட முடியாது, அதனால் தூக்கிக்கொள்கிறது. உதறும்போது சில்லு பள்ளத்துக்குத் திரும்பிவிடுகிறது. எங்கள் டாக்டர் நாயை ஒருக்களித்துப் படுக்க வைத்து, காலை நீட்டி, கட்டைவிரலால் சில்லை மெல்லத் தள்ளினார். அது நகர்ந்ததும், கையை எடுத்தவுடன் பழைய இடத்துக்கு வந்ததும் தோலுக்கு மேலேயே தெரிந்தது. நாய் முனகக்கூட இல்லை. இதை நீங்கள் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

இதில் 4 நிலை உண்டு. தள்ளினால் மட்டும் விலகுவது முதல் நிலை. தானே விலகித் தானே திரும்புவது இரண்டு. பெரும்பாலும் விலகியே இருந்து, கையால் தள்ளினால் மட்டும் உட்காருவது மூன்று. தள்ளினாலும் உள்ளே போகாதது நான்கு. முதல் நிலைக்கு அறுவை சிகிச்சை பொதுவாகத் தேவைப்படாது. இரண்டாவதில் நொண்டல் அடிக்கடி வருகிறதா, வலி இருக்கிறதா என்று பார்த்து முடிவெடுப்பார்கள். மூன்று, நான்கு என்றால் தள்ளிப்போடாதீர்கள். பள்ளத்தை ஆழப்படுத்தி, தசைநார் பிடித்திருக்கும் எலும்புத் துண்டை நேர்க்கோட்டுக்கு நகர்த்தி வைப்பார்கள்.

எல்லா நொண்டலும் சில்லு இல்லை. ஒரு வயதுக்குள் இருக்கும் குட்டி நொண்டினால், தொடை எலும்பின் பந்துமுனைக்கு ரத்தம் போகாமல் அது சிதைகிறதா என்று எக்ஸ்ரே பார்க்க வேண்டும். இன்றைக்கு ஒரு கால், நாளைக்கு வேறு கால், கூடவே காய்ச்சல், சோறு வேண்டாம் என்கிறது என்றால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். நம் ஊர் வெக்கையில் உண்ணிக்குச் சீசனே கிடையாது, ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

வீட்டில் உங்களால் முடிந்த பெரிய வேலை, எடையைக் குறைப்பது. 4 கிலோ இருக்க வேண்டிய நாய் 5 கிலோ ஆவது, 60 கிலோ ஆள் 75 கிலோ ஆவதற்குச் சமம். விலாவைத் தடவினால் எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும். டீ குடிக்கும்போது ஆளுக்கொரு பிஸ்கட் போடுவதை நிறுத்துங்கள். வீட்டுப் பெரியவர்களை இதற்குச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டம். டைல்ஸ் தரையில் அது ஓடுகிற வழியில் அடிப்பக்கம் ரப்பர் வைத்த மிதியடி விரியுங்கள். கோரைப்பாய் போட்டால் பாயே வழுக்கும். பாதத்துக்கு அடியில் வளரும் முடியையும் நகத்தையும் வெட்டிவிடுங்கள். சோபாவிலிருந்தும் ஸ்கூட்டரிலிருந்தும் குதிக்க விடாமல் தூக்கி இறக்குங்கள். சில்வர் பீச்சுக்குக் கூட்டிப்போனால், கால் புதையும் மணலை விட்டு ஈர மணலில் மெதுவாக நடக்க விடுங்கள்.

டாக்டர் முன்னால் நாய் நொண்டாமல் நிற்கும், அதனால் அந்தக் குதியலை மொபைலில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். உள்ளூரில் எலும்பு பார்ப்பவர் கிடைக்கவில்லை என்றால், புதுச்சேரி குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, காலையிலேயே கிளம்பி வந்துவிடுங்கள். ஆனால் பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு நகர்ந்தால் அது முதுகுத்தண்டுப் பிரச்சினையாக இருக்கலாம். அப்போது மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே காட்டுங்கள்.