தாராவி டியூஷன் ஆய்வு: கைடு ஏன் மறுக்கிறார்?

தாராவியில் மாலை டியூஷனுக்கு வந்த பிள்ளைகள் கூடுதல் மதிப்பெண் வாங்கியதாகக் காட்டும் உங்கள் ஆய்வை, சோதனை ஆய்வு என்று ஏற்க உங்கள் கைடு (ஆய்வு வழிகாட்டி) மறுக்கிறார் என்கிறீர்கள். அவர் சொல்வது சரிதான், இது சோதனை ஆய்வு இல்லை. மாலை டியூஷனுக்கு வந்த பிள்ளைகள், வராத பிள்ளைகள் என்று இரண்டு குழு வைத்திருக்கிறீர்கள். ஆனால் சோதனை ஆய்வில் செய்வதுபோல், யார் எந்தக் குழு என்பதை நீங்கள் குலுக்கிப் போட்டுப் பிரிக்கவில்லை. வீட்டார் முடிவு செய்திருக்கிறார்கள்.

மதிப்பெண் வித்தியாசத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். வேலை முடிந்து வந்த அலுப்போடு பிள்ளையை டியூஷனில் கொண்டுபோய் விடும் அம்மா, ராத்திரி நோட்டையும் பிரித்துப் பார்ப்பார். டியூஷன் இல்லாவிட்டாலும் அந்தப் பிள்ளை முன்னால்தான் நிற்கும்.

ஒன்று செய்து பாருங்கள்: டியூஷன் தொடங்குவதற்கு முந்தைய பரீட்சை மதிப்பெண்களைப் பள்ளியில் கேட்டு வாங்கி இரு குழுவையும் ஒப்பிடுங்கள். அப்போதே இடைவெளி இருந்தால் விஷயம் புரிந்துவிடும். இல்லாவிட்டாலும் வீட்டு ஆதரவு, ஆர்வம் போன்றவை மதிப்பெண்ணில் முழுதாகத் தெரியாது. அதனால் 'டியூஷனால் உயர்ந்தது' என்று எழுதாதீர்கள், 'தொடர்பு காணப்படுகிறது' என்பதோடு நிறுத்துங்கள்.

உங்கள் ஊரிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு, படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க நடத்திய பாலசகி திட்டத்தை மும்பையிலும் வதோதராவிலும் ஆராய்ந்தபோது பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 2007-இல் வந்த அந்தக் கட்டுரையை அவசியம் படியுங்கள். சோதனை ஆய்வு இல்லை என்பதற்காக, சேர்த்த தரவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சோதனை அல்லாத ஆய்வாகவே தாராளமாகச் சமர்ப்பிக்கலாம்.