டேப்லெட்டாகவும் மடிக்கணினியாகவும்: சர்ஃபேஸ் கோ வகைக் கருவிகள் பற்றிக் கேள்வி பதில்

நான் வரி ஆலோசகர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வாடிக்கையாளர்களின் கடை, குடோன், வங்கி என்று அலையும் வேலை. பையில் எப்போதும் இருப்பது மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் கோ. 2018-ல் வந்த முதல் மாடலைப் பல காலம் வைத்திருந்தேன், இப்போது இரண்டாவது மாடல். இந்த மாதிரி விசைப்பலகையைக் கழற்றினால் டேப்லெட், மாட்டினால் மடிக்கணினி என்று இருக்கும் சின்னக் கருவிகளைப் பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, பழைய சர்ஃபேஸ் கோ 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. மாடல் மலிவாகக் கிடைக்கிறது. இப்போதைக்கு வாங்கிவிட்டு அப்புறம் ரேம் கூட்டிக்கொள்ளலாமா? (கல்லூரி மாணவி, மதுரை)

முடியாதும்மா. இந்த வகைக் கருவி வாங்குகிற எல்லோரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். ரேம், சேமிப்பகம் இரண்டும் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டவை. பேட்டரி ஒட்டப்பட்டது. உள்ளே போக ஒரே வழி கண்ணாடித் திரையைச் சூடாக்கிப் பிரிப்பது. கருவிகளைப் பிரித்துப் பார்த்து மதிப்பெண் போடும் ஐஃபிக்ஸிட் தளம் முதல் சர்ஃபேஸ் கோவுக்குப் பழுதுபார்க்கும் வசதியில் பத்துக்கு ஒன்று கொடுத்தது. சாதாரண மடிக்கணினி என்றால் பிறகு ரேம் போட்டு ஆயுளை நீட்டலாம். இதில் வாங்கும் அன்றைக்கு என்ன இருக்கிறதோ அதுதான் கடைசி வரைக்கும்.

4 ஜி.பி.யில் பாதியை விண்டோஸே எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் பிரவுசரில் நாலைந்து தாவல், ஒரு வீடியோ வகுப்பு, கூடவே ஒரு வேர்டு கோப்பு என்று திறந்தால் திணறத் தொடங்கிவிடும். இன்னொன்றும் உண்டு. முதல் மாடலில் 64 ஜி.பி. என்பது இ.எம்.எம்.சி. வகை, 128 ஜி.பி. என்பது எஸ்.எஸ்.டி. ரேம் நிறையும்போது விண்டோஸ் சேமிப்பகத்தைத் துணைக்கு இழுக்கும். மெதுவான இ.எம்.எம்.சி. என்றால் அந்த நேரத்தில் கருவி அப்படியே நின்றுவிடும். அதனால் இந்தக் குறைந்த மாடலில் இரண்டு பக்கமும் அடி. கொஞ்ச நாள் பொறுத்துக் காசு சேர்த்தாலும் சரி, 8 ஜி.பி., 128 ஜி.பி. மாடலாகவே பார். வேலை முழுக்கப் படிப்பதும் குறிப்பெடுப்பதும்தான் என்றால் மட்டும் 4 ஜி.பி. தாங்கும்.

பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் நான். ஸ்கேன் செய்த பழைய நூல்களைப் படிக்க வேண்டும். 10 அங்குலத் திரை கண்ணுக்குப் போதுமா? (தஞ்சாவூர்)

ஐயா, அங்குலத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். திரையின் நீள அகல விகிதத்தையும் பாருங்கள். முதல் சர்ஃபேஸ் கோவின் திரை 3:2 விகிதம். நிமிர்த்திப் பிடித்தால் அகலம் சுமார் 14 செ.மீ., உயரம் சுமார் 21 செ.மீ. நம் பதிப்பகங்கள் டெம்மி அளவு என்று சொல்லும் புத்தகத்தின் பக்கம் ஏறத்தாழ இதே அளவுதான். கிரௌன் அளவு அதைவிடச் சிறியது. ஆக, தமிழ் மின்னூலகத்தில் இறக்கிய நாவலோ உரைநூலோ திரையில் அச்சுப் புத்தகத்தின் அளவிலேயே தெரியும். எழுத்தைப் பெரிதாக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது.

சிக்கல் ஏ4 அளவில்தான். அரசாணை, ஆய்வேடு, பருவ இதழ் இவையெல்லாம் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும். 12 புள்ளி எழுத்து 8 புள்ளி போலத் தெரியும். அவற்றுக்குக் கருவியைக் குறுக்காகத் திருப்பிப் பாதிப் பாதிப் பக்கமாகப் படியுங்கள். 16:9 விகிதத்தில் வரும் 10 அங்குலக் கருவிகளை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அவை படம் பார்க்க நன்றாக இருக்கும். நிமிர்த்தினால் அகலம் 12.6 செ.மீ.தான், பக்கம் இன்னும் ஒடுங்கிவிடும்.

டேப்லெட் மட்டும் 522 கிராம். கையில் பிடித்தபடியே படிக்க இது கூடுதல்தான். பின்னால் உள்ள தாங்கியை விரித்து மேசையிலோ படிக்கும் பலகையிலோ சாய்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மேடம், ஜவுளிக் கடை ஒன்றுக்குக் கணக்கு எழுதுகிறேன். டேலி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இதெல்லாம் இதில் ஓடுமா? ஐபேடும் கீபோர்டும் வாங்கச் சொல்கிறார்கள். (ஈரோடு)

என் வேலையும் இதேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டேலி கணக்கு மென்பொருளை ஐபேடில் நிறுவ முடியாது. டிஜிட்டல் கையெழுத்துக்கான உங்கள் யூ.எஸ்.பி. டோக்கனை இயக்கும் டிரைவர் மென்பொருளும் அதில் ஏறாது. படிக்கவும் வரையவும் ஐபேட் அருமையான கருவி, மறுக்கவில்லை. ஆனால் கணக்கு வேலைக்கு விண்டோஸ் வேண்டும்.

விண்டோஸ் என்று முடிவான பிறகு மூன்று விஷயம். முதலாவது, சர்ஃபேஸ் கோ பெரும்பாலும் எஸ் மோடில் வரும். அந்த நிலையில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ள செயலிகள் மட்டும்தான் நிறுவ முடியும். டேலி இன்ஸ்டாலரைத் தொட்டதும் மறுத்துவிடும். கருவி பழுது என்று நினைத்துக் கடைக்கு ஓட வேண்டாம். ஸ்டோர் வழியாகவே எஸ் மோடிலிருந்து வெளியேறலாம், காசு கிடையாது. ஒரு தடவை வெளியேறினால் திரும்ப அதற்குள் போக முடியாது, அவ்வளவுதான்.

இரண்டாவது, டோக்கன் பழைய யூ.எஸ்.பி. ஏ வகை முனையோடு இருக்கும். சர்ஃபேஸ் கோ கருவியில் இருப்பதோ ஒரே ஒரு சி வகைத் துளை. கடைத்தெருவில் ஓ.டி.ஜி. என்று கேட்டாலே மாற்றி கொடுப்பார்கள். விரல் நுனி அளவில் வரும் குட்டி மாற்றியை வாங்காதீர்கள். டோக்கனின் முழு நீளமும் அந்தத் துளையிலேயே தொங்கும், மேசையில் கை பட்டால் துளைதான் ஆட்டம் காணும். ஒரு சாண் கம்பி உள்ளதாக வாங்குங்கள். டோக்கன் மேசையில் படுத்திருக்கும், துளைக்குச் சுமை இல்லை.

மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. மெலிந்த விண்டோஸ் கருவிகளில் சில இன்டெல் சில்லு இல்லாமல் ஸ்னாப்டிராகன் மாதிரி ஆர்ம் வகைச் சில்லோடு வருகின்றன. பேட்டரி அவற்றில் நன்றாக நிற்கும். சாதாரண மென்பொருளையும் மொழிமாற்றி ஓட்டிவிடும். ஆனால் டிரைவரை அப்படி ஓட்ட முடியாது. ஆர்முக்கென்றே எழுதிய டிரைவர் இல்லாவிட்டால் டோக்கன் செத்த பொருள்தான். பழைய ரசீது பிரிண்டரும் அப்படியே. ரிட்டர்ன் கடைசித் தேதியன்று இது தெரியவந்தால் என்ன பாடு என்று உங்களுக்கே தெரியும். வாங்கும் முன் சில்லின் பெயரைக் கேட்டுவிடுங்கள்.

டேலி எழுத 10 அங்குலம் எனக்குப் பழகிவிட்டது. ஆனாலும் மாதக் கடைசியில் உட்கார்ந்து பதிவு போடும்போது சி வகைத் துளையில் ஒரு ஹப் மாட்டிப் பெரிய திரையோடு இணைத்துவிடுவேன். நாள் முழுக்க இந்தச் சின்னத் திரையிலேயே வவுச்சர் போடுவது கண்ணுக்கும் கழுத்துக்கும் நல்லதில்லை.

மருந்து நிறுவனப் பிரதிநிதி. பேருந்திலும் ரயிலிலும் மடியில் வைத்துத் தட்டச்ச வேண்டும். கழற்றும் வகையா, முழுக்க மடங்கும் வகையா? (திருநெல்வேலி)

மடியில் என்றால் முழுக்க மடங்கும் வகை, சந்தேகமே வேண்டாம். லெனோவோ யோகா 2012-ல் கொண்டுவந்த, கீல் 360 பாகை சுழலும் அமைப்பைச் சொல்கிறேன். அதில் கனம் அடிப்பாகத்தில் இருக்கும், மடியில் ஆடாது. சர்ஃபேஸ் மாதிரிக் கருவியில் கனமெல்லாம் திரையில். தாங்கியின் விளிம்பு முழங்காலுக்கு அருகே ஊன்ற வேண்டும், தொடை நீளம் குறைந்தவர்களுக்கு அது விழப்பார்க்கும். பேருந்து குலுங்கினால் சொல்லவே வேண்டாம். மாறாக, மருத்துவர் முன் நின்றபடி படங்களைக் காட்டுவதுதான் உங்கள் முக்கிய வேலை என்றால் கழற்றும் வகை கைக்கு எவ்வளவோ லேசு. உங்கள் நாளில் எது அதிகம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா, நான் பாமினியிலதான் பழகினனான். இந்தக் கருவியில அது வேலை செய்யுமா? (யாழ்ப்பாணம்)

செய்யும் தம்பி. எஸ் மோடிலிருந்து வெளியேறியபின் இ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை நிறுவினால், பாமினி விசை வரிசையிலேயே தட்டலாம், வருவது யூனிகோட். ஆனால் அது மாட்டும் விசைப்பலகைக்குத்தான். விசைப்பலகையைக் கழற்றினால் திரையில் எழும் பலகையில் விண்டோஸ் தரும் விசை வரிசைகள் மட்டுமே தெரியும். தமிழ்99 அங்கே இருக்கிறது. குறுக்காகப் பிடித்தால் அந்தப் பலகை பாதித் திரையை அடைத்துக்கொள்ளும், நிமிர்த்திப் பிடித்துத் தட்டுவது மேல். நீளமாக எழுதுவதென்றால் எதுவானாலும் நிஜ விசைதான்.

ஓவியக் கல்லூரியில் படிக்கிறேன். அண்ணனின் ஆப்பிள் பென்சில் வீட்டில் சும்மா கிடக்கிறது. இதில் பயன்படுத்தலாமா?

ஆகாது. பேனாக்கள் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் ஒவ்வொன்றும் திரையோடு பேசும் முறை வேறு. ஆப்பிள் பென்சில் ஐபேடுக்கு மட்டும். சர்ஃபேஸுக்கு எம்.பி.பி. (MPP) என்று குறிப்பிட்ட பேனா வேண்டும். பல குரோம்புக்குகளுக்கு யூ.எஸ்.ஐ. (USI) என்று குறிப்பிட்ட பேனா. பெட்டியில் இந்த எழுத்துகளைப் பார்த்து வாங்குங்கள், 'எல்லாத் திரைக்கும் ஏற்றது' என்று விற்கும் ரப்பர் முனைப் பேனாவில் அழுத்தம் பதியாது, கோடு ஒரே தடிமனாகத்தான் விழும்.

2017-ல் வந்த சர்ஃபேஸ் பேனா 4096 அழுத்த நிலைகளை உணரும். அதற்கு நாலு ஏ (AAAA) என்று குறித்த பேட்டரி வேண்டும். ரிமோட்டுக்குப் போடும் மூன்று ஏ (AAA) இல்லை, அதைவிட ஒல்லியானது. பக்கத்துக் கடையில் கிடைப்பது கஷ்டம், கிடைக்கும்போது இரண்டு சேர்த்து வாங்கி வையுங்கள். கண்ணாடியில் பேனா வழுக்கினால் மங்கல் பூச்சுத் திரைத்தாள் ஒட்டலாம். காகிதத்தில் எழுதுவது மாதிரியான பிடிப்பு வரும், திரையின் பளிச்சு கொஞ்சம் குறையும்.

மேசையில் எப்போதும் சார்ஜரிலேயே இருக்கிறது. இப்போது திரையின் ஒரு ஓரம் லேசாக எழும்பியிருக்கிறது. அழுத்தினால் உட்கார்ந்துவிடுகிறது. (சென்னை)

தயவுசெய்து அழுத்தாதீர்கள். உள்ளே பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு மிக அதிகம். இன்றைக்கே சார்ஜரைக் கழற்றுங்கள், கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொண்டு அணைத்துவிடுங்கள். எரியக்கூடிய பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டுச் சேவை மையத்தில் காட்டுங்கள். தெருமுனைக் கடையில் திரையை நெம்பிப் பார்க்க விடவே வேண்டாம். லித்தியம் பேட்டரியில் ஸ்குரூடிரைவர் முனை குத்தினால் தீப்பிடிக்கும்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். முழு சார்ஜிலும் சூட்டிலும் கிடந்தால் இந்த பேட்டரி சீக்கிரம் கெடும். மேசையிலேயே இருக்கும் சர்ஃபேஸ் என்றால், அணைத்துவிட்டு ஒலி கூட்டும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பவர் பொத்தானைத் தட்டுங்கள். விண்டோஸ் எழும் முன் கருவியை எழுப்பும் மென்பொருளான யூ.இ.எஃப்.ஐ.-யின் திரை வரும். அதில் பேட்டரி லிமிட் மோட் என்பதை இயக்கினால் 50 சதவீதத்தோடு சார்ஜ் ஏறுவது நின்றுவிடும். வெளியூர் போகும் முன் எடுத்துவிட்டால் போதும். கடையில், பள்ளியில் ஒரே இடத்தில் நிற்கும் கருவிகளுக்கு இதைக் கட்டாயம் செய்ய வேண்டும் என்பேன்.

பவர் பேங்கில் சார்ஜ் ஆகுமா?

ஆகும். சி வகைத் துளையில் பி.டி. (பவர் டெலிவரி) என்ற சார்ஜ் முறையில் 15 வோல்ட் தரும் 30 வாட் பேங்காக இருக்க வேண்டும். 20,000 எம்.ஏ.எச். பேங்க் என்பது 74 வாட் மணி, கோவின் பேட்டரி சுமார் 26. வழியில் வீணாவது போக இரண்டு தடவை நிரப்பும். விமானத்தில் கைப்பைக்கான 100 வாட் மணி வரம்புக்குள்ளும் வந்துவிடுகிறது.

2013-ல் வாங்கிய ஆசுஸ் டி100 வீட்டில் கிடக்கிறது. லினக்ஸ் போட்டுப் பிள்ளைக்குக் கொடுக்க நினைத்தால் பென்டிரைவையே கண்டுகொள்ள மாட்டேன் என்கிறது. (கோயம்புத்தூர்)

பென்டிரைவ் நன்றாகத்தான் இருக்கும். டி100-ன் சில்லு 64 பிட், ஆனால் அதை எழுப்பும் யூ.இ.எஃப்.ஐ. 32 பிட். 64 பிட் துவக்கக் கோப்பு மட்டும் உள்ள பென்டிரைவ் அதன் கண்ணுக்கே தெரியாது. இப்படி 64 பிட்டும் 32 பிட்டும் கலந்த அமைப்பை ஆதரிக்கும் டெபியன் லினக்ஸின் நிறுவல் வட்டை எடுங்கள், அல்லது 32 பிட் துவக்கக் கோப்பைத் தனியாகச் சேருங்கள். யூ.இ.எஃப்.ஐ.-யில் செக்யூர் பூட் (Secure Boot) என்பதை அணைத்துவிடுங்கள். 2 ஜி.பி. ரேமுக்கு எக்ஸ்எஃப்சிஇ மாதிரி லேசான திரைச்சூழல் போதும். எழுதவும் படிக்கவும் பிள்ளைக்கு நன்றாகவே பயன்படும்.

சென்னை ரிச்சி தெருவில் பழைய முதல் மாடல் சர்ஃபேஸ் கோ பார்த்தேன். வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

முதலில், அந்த மாடலின் பென்டியம் 4415ஒய் சில்லு விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிப்பு 2026 அக்டோபர் 13 வரை. வங்கி, வரி வேலைக்கென்றால் கோ 2 அல்லது அதற்குப் பிந்தியதைக் கேளுங்கள். லினக்ஸ் போடத் தெரிந்தவர் என்றால் முதல் மாடலும் சரிதான்.

கடையிலேயே விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் பவர்சிஎஃப்ஜி கட்டளை (powercfg /batteryreport) கொடுத்து பேட்டரி ரிப்போர்ட் எடுத்துப் பாருங்கள். தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது நிரம்பும் அளவும் அதில் வரும். பின்னது முன்னதில் முக்கால் பங்குக்குக் கீழே இருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், பாதிக்குக் கீழே என்றால் விட்டுவிடுங்கள். திரையை விளக்குக்குப் பக்கவாட்டில் பிடித்து ஓரம் எழும்பியிருக்கிறதா என்று நோக்குங்கள். வெறும் வெள்ளைப் பக்கம் திறந்து விரலால் மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் கோடு இழுங்கள். எங்காவது கோடு அறுந்தால் அங்கே தொடுதிரை செத்திருக்கிறது. தாங்கியை விரித்தால் அதனடியில் மைக்ரோ எஸ்.டி. துளை தெரியும், ஒரு அட்டை போட்டுப் பாருங்கள். விசைப்பலகை உறையைப் பின்பக்கமாக மடித்துத் திருப்பி மாட்டும்போது ஒவ்வொரு தடவையும் பிடிக்கிறதா என்றும் பாருங்கள். அந்த உறை தனியாக வாங்கினால் நல்ல விலை. டேப்லெட்டை மட்டும் காட்டி 'மலிவு' என்பவரிடம் உறையையும் சார்ஜரையும் சேர்த்து விலை பேசுங்கள்.